வகுக்கும் எண்ணைக் காட்டாத கணக்கு

எங்கள் மாடிக்கு ஒரு கணக்கு வாத்தியார் வாடகைக்கு வந்தார். மெயின்லேண்டிலிருந்து அந்தமானில் எங்கள் திக்லிபூருக்கு வேலைக்கு வந்தவர். தனி ஆள். கப்பலில் கொண்டுவந்தது ஒரு பெட்டித் துணியும் பெரிய கம்ப்யூட்டர் ஒன்றும்தான். அந்தக் கம்ப்யூட்டரை அவர் அணைத்ததே இல்லை. பள்ளிக்கூடம் போனாலும் பூட்டிய அறைக்குள் அது இரைந்துகொண்டிருக்கும். கீழே என் பெயிண்ட் கடையில் உட்கார்ந்தால் தலைக்கு மேல் அதே சத்தம்.

மீட்டர் தனி. கரண்ட் பில் அவரே கட்டுகிறார். எனக்கு நஷ்டமில்லை. அதனால்தான் சந்தேகம் கூடியது. சும்மா எவனும் கரண்டை எரிக்கமாட்டான். எதிரே மீன் விற்கும் பெங்காலிக்காரர் வேறு, "பாய், தும்ஹாரா மாஸ்டர் ஜாசூஸ் தோ நஹீ?" என்று கேட்டுவிட்டுப் போனார். உளவாளியோ என்கிறார். தீவில் இப்படிப் பேச்சு கிளம்பினால் முதலில் வீட்டுக்காரனைத்தான் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

மேலே ஏறிப்போய்க் கேட்டேன்.

"என்ன சார் ஓட்டுதிய?"

"பகா எண் தேடறேன், அண்ணாச்சி."

"கெடச்சா என்ன தருவான்?"

"அதுக்காகத் தேடல."

இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றைக் கழிக்க வேண்டுமாம். வரும் எண் கோடி இலக்கத்தைத் தாண்டுமாம். ஒன்றையும் அந்த எண்ணையும் தவிர வேறு எதுவும் அதை மீதியில்லாமல் வகுக்கக் கூடாதாம். ஒரு எண்ணைச் சோதிக்கவே வாரக்கணக்கில் ஓட வேண்டும் என்றார். நான் நம்பவில்லை. மாசக் கடைசியில் காலி பண்ணச் சொல்லிவிட்டேன். தனி ஆளுக்கு இங்கே வேறு வீடு லேசில் கிடைக்காது. அவர் முகம் செத்துப்போனது.

சில நாள் கழித்து அவரே கடைக்கு இறங்கி வந்தார்.

"முடிஞ்சிருச்சு. பகா எண் இல்ல."

"அப்ப எது வகுக்கு?"

"தெரியாது."

எனக்கு ஆத்திரம் வந்தது. "எது வகுக்குன்னே தெரியாம, வகுபடும்னு எப்படிச் சொல்லுதிய? யாருகிட்ட கதை விடுதிய?"

பெயிண்ட் நிறங்களைக் காட்டும் ஷேட் கார்டு ஒன்றின் பின்பக்கத்தில் 2047 என்று எழுதினார். பதினொரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தது. இருபத்து மூன்றை எண்பத்தொன்பதால் பெருக்கினால் அது வருமாம். கால்குலேட்டரில் போட்டேன். வந்தது. சின்ன எண்ணுக்கு இப்படிக் காட்டலாம், பெரியதற்கு முடியாது என்றார். அதற்கு வேறு சோதனை. நான்கில் தொடங்கி, அதை அதாலேயே பெருக்கி, இரண்டைக் கழித்து, அந்தப் பெரிய எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு குறித்த தடவை மறுபடி மறுபடி அதையே செய்ய வேண்டும். முடிவில் மீதி பூஜ்யம் என்றால் பகா எண். வேறு ஏதாவது நின்றால் இல்லை. எது வகுக்கும் என்று மட்டும் அந்தச் சோதனை சொல்லாது.

"சரி, நான் என்ன தப்பு செஞ்சேன்னு காலி பண்ணச் சொன்னீங்க?"

"அது தெரியாது. ஆனா ஏதோ இருக்கு."

"எங்கிட்ட மீதி இருக்கு, அண்ணாச்சி. உங்ககிட்ட என்ன இருக்கு?"

துடைத்த டப்பாவையே மறுபடியும் துடைத்தேன். அவர் நகரவில்லை.

"இருந்துக்கிடுங்க," என்றேன். "ஆனா வெளிய போறப்ப ரூம் சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போவணும்."

இப்போது அடுத்த எண் ஓடுகிறது. காலையில் சாவியைக் கல்லாமேல் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறார். தினமும் ஏறிப் பார்க்கிறேன். திரையில் எண்கள்தான் ஓடுகின்றன. வேறு எதையும் நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.