ரத்தம் ஜாஸ்தி

ஜெர்மனியில் எம்.ஆர்.ஐ. அறைக்கு மனிதர்கள் தனியாகத்தான் வருகிறார்கள். நான் அங்கே ஸ்கேன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வயதான பெண்மணி ஒருவரிடம், உங்களுடன் யார் வந்திருக்கிறார்கள் என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஆள் துணை தேவைப்படும் அளவுக்கு மோசமா?" என்றார். அன்றோடு அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் என் அண்ணனை, போன விடுமுறையில் வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது ஆட்டோ கொள்ளாத கூட்டம் வந்தது. மூளைக்கட்டியை எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்து முடித்திருந்தார்கள். அதே இடத்தில் மறுபடி ஏதோ தெரிகிறது. தழும்பா கட்டியா என்று பார்க்க, அங்கிருக்கும் ரத்தத்தின் அளவை ஸ்கேனில் அளக்க வேண்டும் என்றார் டாக்டர். என் அன்றாடப் பிழைப்பே அதுதான். அண்ணி மருந்து வாங்க வரிசையில் நின்றபோது அண்ணனுக்கு விளக்கினேன். நரம்பில் மருந்தை ஏற்றி, அது மூளையைக் கடக்கும் சில நொடிகளுக்குள் அடுத்தடுத்துப் படமெடுப்பார்கள். தழும்பில் ரத்தம் குறைவாக இருக்கும். கட்டி தனக்கென்று புது ரத்தக்குழாய்களை வளர்த்துக்கொள்ளும்.

"அப்ப கம்மியா இருந்தாதான் நல்லதுன்ற" என்றார் அண்ணன்.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இது தலைகீழ்ப் பாடம். கம்பெனி மருத்துவ முகாமில் எப்போதும் அவர்களுக்குச் சொல்லப்படுவது ரத்தம் கம்மி என்பதுதான். அண்ணியும் அங்கே சத்து மாத்திரை வாங்கி விழுங்கியவர். அண்ணன் இளைத்துப்போனதிலிருந்து ஈரல், முருங்கைக்கீரை, பீட்ரூட் என்று ஆக்கிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

நான் ஜெர்மனிக்குத் திரும்பி வந்தபிறகுதான் அந்த ஸ்கேனை எடுத்தார்கள். அன்றே அண்ணி கூப்பிட்டார். "தம்பி, ஸ்கேன் எடுத்தவர விடாம கேட்டேன். கட்டி இருந்த எடத்துல ரத்தம் ஜாஸ்தியா இருக்குதாம்! டாக்டர அடுத்த வாரம் பாக்கணுமாம். நான் ஆக்கிப் போட்டது வீண்போகல பாரு!"

அவர் அனுப்பிய வண்ணப் படத்தில் அந்த இடம் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பை அந்நியர்களின் தலைகளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அண்ணியின் குரலிலிருந்த சந்தோஷத்தைத் தாங்க முடியாமல் அழுதேன்.

போனை வாங்கிக்கொண்டு அண்ணன் தெருவுக்கு வந்துவிட்டார். "எனக்குத் தெரியும்டா. அவகிட்ட சொல்ல வாய் வரல. இன்னிக்கும் ஈரல் வாங்கியாந்திருக்கா. நீ வந்துட்றியா?"

மறுநாள் விடுப்பு கேட்டேன். மேலதிகாரி நல்ல பெண்மணி. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

"உன் அண்ணனுக்கு மனைவி இல்லையா?"

"இருக்கிறார். அதனால்தான் போகிறேன்" என்றேன்.