பொட்டின் விட்டம்

அந்த நடுவர் இப்போது உயிரோடு இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். அவர்மேல் உள்ள கோபத்தைத் தீர்த்துக்கொள்ள எனக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் வேண்டும். இருபது வருடம் ஆகிறது. இந்த இருபது வருடத்தில் சிங்கப்பூரில் தெருவை மாற்றினார்கள், வீட்டை மாற்றினார்கள், ஆற்றைக்கூடக் கழுவிவிட்டார்கள். என் கோபத்தின்மேல் மட்டும் யாரும் கை வைக்கவில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தெட்டு வயது. ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம்: ஓர் அறை, ஒரு கூடம், ஒரு மேசை, ஒரு மனைவி. இவற்றில் மேசையை நான் நாலு மாதம் என் வசம் வைத்திருந்தேன். மனைவி அதை மறக்கவில்லை.

மேசைமேல் இருந்தது ஒரு கார். முப்பதுகளில் ஓடிய அமெரிக்க சொகுசுக் காரின் பிளாஸ்டிக் மாடல். நிஜக் காரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஒரு சாண் நீளம். பெட்டியில் வரும்போது அது சாம்பல் நிறத்தில், மீன் முள்போலக் குச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும் நூற்றுச் சொச்சம் துண்டுகள். அவற்றை அறுத்து, தேய்த்து, ஒட்டி, வர்ணம் பூசி நான் காராக்கினேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சைக்கிளே சுமார்தான்.

இத்தனை பாட்டுக்கும் காரணம், அதற்கு முந்தைய வருடப் போட்டி. நார்த் பிரிட்ஜ் ரோட்டுப் பக்கம் பொழுதுபோக்குச் சாமான் விற்கும் ஒரு கடை இருந்தது. அதன் மாடியில் வருடத்துக்கு ஒருமுறை மாடல் போட்டி வைப்பார்கள். பரிசு ஒரு மரப்பலகையில் பதித்த பித்தளைச் சக்கரம். அதற்காக யாரும் உயிரை விடமாட்டார்கள், என்னைத் தவிர. அந்த வருடம் கண்ணாடிபோலப் பளபளக்கும் ஒரு கறுப்புக் காரைக் கொண்டு போனேன். நடுவர் ஓய்வுபெற்ற ஆங்கிலேய எஞ்சினீயர், மூக்குக்கண்ணாடிக்கு மேலே ஒரு பூதக்கண்ணாடியும் வைத்திருப்பவர். நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மிகச் சுத்தம். அதுதான் குறை. ஒரு கார் என்றால் அது எங்கேயாவது வாழ்ந்திருக்க வேண்டும்."

இந்த வாக்கியத்தை நான் வேதமாக எடுத்துக்கொண்டேன். சரி, இந்தக் கார் வாழும், எங்கள் ஊரிலேயே வாழும் என்று சபதம் செய்தேன்.

உடம்புக்கு மெரூன், பக்கங்களுக்குக் கிரீம். ஒவ்வொரு பூச்சையும் தண்ணீர்போல் மெல்லியதாகப் பூசி, காயவிட்டு, நீர் தொட்ட உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பூசி, ஏழு பூச்சு. பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தை நகத்தால் நீவி ஒட்டினேன். எஞ்சினில் ஓடும் வயர்களுக்கு மனைவியின் கறுப்பு நூல். மட்கார்டுக்கு அடியில் படியும் சேற்றுக்காகப் புக்கிட் தீமாவிலிருந்து செம்மண் அள்ளிவந்து சலித்தேன். எதில் சலித்தேன் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. வீட்டில் சல்லடை ஒன்றுதான். அந்த வாரம் இடியாப்பம் கிடையாது.

சாப்பாடு தரையில். சாம்பாரில் வர்ணம் கரைக்கும் தின்னர் வாசனை. வர்ணம் பூசும்போது மூச்சை அடக்க வேண்டும் என்பதால் நான் பேசுவதும் இல்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தால், வெளிச்சம் மங்கும்வரை தலை நிமிராது. மனைவி எதையாவது இரண்டு முறை கேட்பாள், மூன்றாம் முறை கேட்கமாட்டாள். கல்யாணமாகி இரண்டே வருடம். எனக்கு அதிலெல்லாம் ஒரு தப்பும் தெரியவில்லை. மெரூனில் ஒரு தூசு விழுந்திருந்தால் மட்டும் பத்தடி தூரத்திலிருந்தே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. வியாழன் சாயங்காலம் கடைசிப் பளபளப்புப் பூச்சைப் போட்டேன். சிங்கப்பூர்க் காற்றின் ஈரத்தில் அது இறுக மூன்று நாள் ஆகும். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடிவைத்து, "இதைத் தொடாதே" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை.

திரும்பி வரும்போது செராங்கூன் ரோடு முழுக்கச் சந்தனமாக இருந்தது. லாரிக்குச் சந்தனம், மாட்டு வண்டிக்குச் சந்தனம், தையல்காரரின் கத்தரிக்கோலுக்குச் சந்தனம். மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், டாக்சி ஓட்டுபவர். கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை போட்ட அவருடைய டாக்சி எங்கள் வாசலில் வாழைக்கன்று கட்டிக்கொண்டு மாப்பிள்ளைபோல நின்றது. நானும் ரசித்துக்கொண்டேதான் மாடி ஏறினேன்.

கூடத்தில் சாமி படத்துக்கு முன்னால் ஒரு பலகை. அதில் தையல் மெஷின், அரிவாள்மனை, என் தூரிகைகள், வர்ண டப்பாக்கள், எல்லாவற்றிலும் ஒரு பொட்டு. நடுவில் என் கார். பானட்டின்மேல் வட்டமாகச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். இரண்டு விளக்கின் மெரூன் கூட்டுமேலும் ஒவ்வொரு துளி. முன்பம்பரில் ஒற்றை மல்லிகை. நாலு சக்கரத்துக்கு அடியிலும் நாலு எலுமிச்சை விதை.

"என்னடி இது?"

"என்னங்க, எல்லா வண்டிக்கும் வைக்கிறோம். நம்ம வீட்டு வண்டிக்கு வைக்க வேணாமா?" முகமெல்லாம் சிரிப்பு. "விதை நசுங்கல, வழுக்கிக்கிட்டு ஓடுது. அண்ணன்தான் வண்டியப் பிடிச்சுக்கிட்டாரு."

மச்சான் டீ கிளாசோடு தலையசைத்தார். "நல்லா ஓடுது மாப்பிள்ளே. பிரேக்தான் இல்ல."

நான் கத்தினேன். இன்று எழுதும்போது 'குரலை உயர்த்தினேன்' என்று போடலாம்தான். கத்தினேன். கீழ்க்கடைக்காரர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார், நான் சொல்வது சரியாகக் கேட்கவேண்டும் என்பதற்காக. காயாத வர்ணத்தில் ஈரச் சந்தனத்தை வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? சரி, வைத்ததுதான் வைத்தாய், அளவு என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? "இது இருபத்தஞ்சுல ஒரு பங்கு! நீ வச்ச பொட்டு நிஜக் கார்ல சாப்பாட்டுத் தட்டு அளவு வரும்! எவனாவது கார்ல தட்டு அளவுக்குப் பொட்டு வைப்பானா? ஒரு பொம்மைக்குப் போய்..."

அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது.

"பொம்மையா?" என்றாள். சிரிப்பு போய்விட்டது. "பொம்மைக்கா நாலு மாசமா என்கூடப் பேசாம இருந்தீங்க? நான் வண்டின்னு நினைச்சுல்ல பொறுத்துக்கிட்டேன்."

பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. மச்சான் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கீழே போனார்.

பஞ்சில் தின்னரைத் தொட்டு இடது விளக்கின் பொட்டை எடுக்கப் பார்த்தேன். சந்தனத்தோடு ஏழு பூச்சும் தோல் உரிவதுபோல வந்தது. அடியில் சாம்பல் பிளாஸ்டிக் பல்லை இளித்தது. அதை ஒட்டுப்போட்டு மறைக்கவே சனிக்கிழமை முழுதும் போனது. பானட்டைத் தொடத் துணிவில்லை. போட்டிக்குப் போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் போனேன். ஏன் தெரியுமா? "பாருங்கள், நாலு மாத உழைப்பை என் மனைவி என்ன செய்துவிட்டாள்" என்று அந்த நடுவரிடம் முறையிடப் போனேன். வீட்டில் கிடைக்காத அனுதாபத்தை ஓர் ஆங்கிலேயரிடம் வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கை. அதற்கான வாக்கியங்களைக்கூட ஆங்கிலத்தில் தயார் செய்து வைத்திருந்தேன்.

மச்சான்தான் டாக்சியில் கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில். அவர் ஒவ்வொரு பள்ளத்திலும், "பிள்ளைத்தாச்சிய ஏத்திக்கிட்டுப் போற மாதிரி இருக்கு" என்றார். நான் சிரிக்கவில்லை.

கடையின் பதினாறு படி ஏறி, வரிசையில் வைத்தேன். நடுவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் காரின் செம்மண்ணைப் பார்த்தார், தலையை அசைத்தார். கதவைத் திறந்து டேஷ்போர்டைப் பார்த்தார், மறுபடி அசைத்தார். பிறகு பென்சிலின் முனையைப் பானட்டுக்கு மேலே நிறுத்தினார்.

"இது என்ன அழுக்கு?"

தயார் செய்த வாக்கியங்கள் நாக்கு நுனியில் இருந்தன. "என் மனைவி" என்று ஆரம்பித்தால் போதும். வாயைத் திறந்தேன்.

"அழுக்கு இல்லை, ஐயா. எங்கள் தெருவில் எல்லா வண்டிக்கும் இது உண்டு. கார் எங்கேயாவது வாழ்ந்திருக்க வேண்டும் என்று போன வருடம் நீங்கள்தான் சொன்னீர்கள். இது எங்கள் தெருவில் வாழ்கிறது."

எனக்கே ஆச்சரியம். என் குரல்தான், ஆனால் மனைவியின் கட்சி.

அவர் பூதக்கண்ணாடி வழியாகப் பொட்டைப் பார்த்தார், பிறகு அதே கண்ணாடி வழியாக என்னையும் பார்த்தார். "இருக்கலாம். ஆனால் அளவு தவறு. நிஜக் காரில் இது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு வரும். எவன் தன் காரில் தட்டு அளவுக்குப் பொட்டு வைப்பான்?"

வெள்ளிக்கிழமை நான் கத்திய அதே வாக்கியம், அதே தட்டு. அதை இன்னொருவர் வாயில் கேட்டபோது அது எவ்வளவு அசிங்கமான வாக்கியம் என்று தெரிந்தது. அவர் பென்சிலால் என் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்தார்.

படியில் இறங்கித் தெருவுக்கு வந்தேன். டாக்சியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார் மச்சான். அவருக்குப் பின்னால் கறுப்புப் பானட்டில் வெள்ளிக்கிழமை வைத்த சந்தன வட்டம், ஓரம் கொஞ்சம் வெடித்து, அப்படியே இருந்தது. பொட்டு தானாக உதிரும்வரை அவர் வண்டியைக் கழுவமாட்டார்.

"மச்சான், கொஞ்சம் நகருங்க."

மாடல் செய்பவன் சட்டைப்பையில் பேனா இல்லாவிட்டாலும் ஆறு அங்குல இரும்பு ஸ்கேல் இருக்கும். அதைப் பொட்டின்மேல் வைத்தேன். ஆறு அங்குலம் தாண்டியது. நகத்தால் அடையாளம் வைத்து, நகர்த்தி, மறுபடி அளந்தேன். ஆறும் நாலும் பத்து. பத்து அங்குலம். அதை இருபத்தைந்தால் வகுத்தால் ஓர் அங்குலத்தில் பத்தில் நாலு பங்கு. பின் சீட்டிலிருந்த வெற்றுப் பெட்டியின் மூடியில் போட்டி விதிப்படி நானே பானட்டின் அளவுகளைக் குறித்து வைத்திருந்தேன். ஆத்திரத்தில் பொட்டின் அளவையும் குறித்திருந்தேன், முறையீட்டுக்கு ஆதாரமாக. பத்தில் நாலு பங்கு. முடியளவு பிசகில்லை.

அப்போதுதான் அந்த நாலு எலுமிச்சை விதைகள் ஞாபகத்துக்கு வந்தன. பழத்தை வைக்கவில்லை அவள். விதையை வைத்தாள். வீட்டில் அளவு தெரிந்தவர் யார் என்று வெள்ளிக்கிழமையே சக்கரத்துக்கு அடியில் எழுதியிருந்தது. நான் அதன்மேல் நின்று கத்தியிருக்கிறேன்.

மறுபடி பதினாறு படி. "ஐயா, ஒரு நிமிடம் கீழே வாருங்கள். பொட்டைக் காட்டுகிறேன். அளந்தே காட்டுகிறேன்."

"நான் மாடல்களைப் பார்க்க வந்திருக்கிறேன்," என்றார் அவர், பட்டியலிலிருந்து தலை நிமிராமல். "டாக்சிகளை அல்ல."

"ஜன்னலுக்காவது வாருங்கள். அங்கிருந்தே தெரியும்."

"முடிவு எழுதியாகிவிட்டது."

பித்தளைச் சக்கரம் ஒரு சிவப்புக் காருக்குப் போனது. அதன் பக்கத்தில் ஆங்கிலேய ஊர்த் தபால் பெட்டி ஒன்று நின்றது, காரின் கூரையைவிட ஒன்றரை மடங்கு உயரமாக. "அப்படியே எங்கள் ஊர்த் தெருமுனை" என்று நடுவர் கண் கலங்கினார். அதை யாரும் அளக்கவில்லை. ஒருவருடைய தெரு என்றால் கண்ணீர், இன்னொருவருடைய தெரு என்றால் அழுக்கு. நான் கைதட்டாமல் நின்றேன். சபையில் என் புரட்சி அவ்வளவுதான்.

கீழே வந்து சொன்னதும் மச்சான் யோசித்தார். "சும்மா விடுங்க லா, மாப்பிள்ளே. வேணும்னா ரெண்டு ஹாரன் அடிக்கட்டா?" அடித்தார். ரெண்டல்ல, வளைவு திரும்பும்வரை.

வீட்டில் மனைவி தையல் மெஷினில் இருந்தாள். நிமிரவில்லை. பெட்டியை மேசைமேல் வைத்தேன். வரும் வழியெல்லாம் யோசித்ததில் ஒரு வார்த்தையும் வரவில்லை. கடைசியில் வந்தது இதுதான்:

"பத்து அங்குலம்."

"என்னது?"

"அண்ணன் வண்டிப் பொட்டு. அளந்தேன். நீ வச்சது கரெக்ட்டான அளவு."

மெஷின் நின்றது. "அளந்து பார்த்தாதான் தெரியுமா?" என்றாள். எழுந்து வந்து பெட்டியைத் திறந்தாள். ஒட்டுப்போட்ட இடது விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய், தேங்காயெண்ணெய் தொட்ட பஞ்சோடு வந்து, வலது விளக்கின் பொட்டில் வைத்து, பத்து எண்ணும்வரை காத்திருந்து, மெல்லத் திருப்பினாள். பொட்டு வந்துவிட்டது. அடியில் மெரூன், ஒரு கீறலில்லாமல்.

"இது... இது வெள்ளிக்கிழமையே உனக்குத் தெரியுமா?"

"தெரியும். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க எங்க கேட்டீங்க?"

பஞ்சு பானட்டை நோக்கிப் போனது. நான் அவள் கையைப் பிடித்தேன். "அதை விடு" என்றேன். கொஞ்சம் அதட்டலாகத்தான் வந்தது, பழக்கதோஷம். ஆனால் அவள் விட்டாள்.

கார் இப்போது எங்கள் அடுக்குமாடி வீட்டின் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. வருடா வருடம் ஆயுத பூஜைக்கு அவள் பழைய பொட்டை எண்ணெய் தொட்டு எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கிறாள். நான் பக்கத்தில் ஸ்கேலோடு போனால் கையைத் தட்டிவிடுகிறாள். அவள் திரும்பிய பிறகு அளந்து பார்க்கிறேன். பத்தில் நாலு பங்குதான், ஒவ்வொரு முறையும்.

பதினாறு படி. அந்த மனிதர் இறங்கி வந்திருக்கலாம்.