முட்டைப் பூச்சுச் சுவரில் கரிக்கோடு

போன வாரம் மகள் என்னைப் புதுக்கோட்டைக்கு இழுத்துக்கொண்டு போனாள். இடது தோளில் வலி. ஜாக்கெட் போடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. பிசியோதெரபி கிளினிக் ஒன்றில் கொண்டுபோய் உட்கார வைத்தாள்.

மருந்து வாடையே இல்லை. பெரிய பெரிய பந்து, தொங்குகிற கயிறு, ஆளுயரக் கண்ணாடி... ஆஸ்பத்திரியா, பள்ளிக்கூடமா என்று எனக்குச் சந்தேகம்.

வைத்தியம் பார்க்கிற பெண் சின்னவள். சிரித்த முகம்.

"ஆச்சி, வலியே இல்லைன்னா பூஜ்யம். தாங்கவே முடியலைன்னா பத்து. ஒங்களுக்கு எவ்வளவு?"

"கொஞ்சம் இருக்கும்மா."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சந்தான்..."

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "வயசான பொம்பளைங்களோட தோள்வலியப் பத்தித்தான் நான் ஆராய்ச்சி பண்றேன் ஆச்சி. வர்றவுக பூராவும் 'கொஞ்சம்'னே சொன்னா நான் என்னத்தை எழுதுறது?"

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் முன்பின் தெரியாத பெண்ணிடம் வலிக்கு மார்க் போட்டுச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் சுவரோரமாக நிற்க வைத்து, விரல்களை எறும்பு ஊர்கிற மாதிரி மேலே ஏற்றச் சொன்னாள். நான் சிரித்துவிட்டேன்.

"என்னா ஆச்சி சிரிக்கிறீங்க?"

"இந்தச் செவத்து வைத்தியம் எனக்குப் பழசும்மா." அதற்கு மேல் சொல்லக் கூச்சம். உங்களிடம் சொல்கிறேன். எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, பாருங்கள்!

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. திருமயத்துக்குப் பக்கத்து ஊரில் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, அடுத்த சில வருஷத்தில் அனுப்பிவிட்டார்கள். கணவர் மலாயாவில் ஒரு கடையில் இருந்தார். அந்த வருஷம் தை மாதம் வருவதாகத் தகவல்.

தை மாதத்துக்காக நான் தவம் கிடந்தேன். அவருக்காக மட்டும் என்று சொன்னால் பொய்.

எங்கள் பக்கத்தில் 'வேறு வைப்பது' என்று ஒரு வழக்கம். கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் மகனையும் மருமகளையும் தனி அடுப்பு போட்டு வைத்துவிடுவார்கள். வீடு ஒன்றுதான். கூரை ஒன்றுதான். ஆனால் அடுப்பு வேறு, அரிசி வேறு, புளிப்பானை வேறு. சண்டையில் பிரிவதல்ல. நல்ல நாள் பார்த்து, பாத்திரம் பண்டம் கொடுத்து, பெரியவர்களே செய்து வைப்பது. அன்றைக்குத்தான் ஒரு பெண் அந்த வீட்டில் மனுஷியாகிறாள். அந்தத் தையில் எனக்குச் சொந்தமாக ஓர் அடுப்பு... நான் வைக்கிற குழம்புக்கு நானே உப்புப் பார்க்கலாம்!

அந்த நேரத்தில்தான் ஊருணிப் படியில் வழுக்கி விழுந்தேன். குடத்தோடு.

வலது கை, தோளுக்குக் கீழே முறிந்துவிட்டது. மூங்கில் பத்தை வைத்து மார்போடு சேர்த்துக் கட்டினார்கள். எலும்பு நன்றாகத்தான் கூடியது. கட்டை அவிழ்த்தால், கை மார்புக்கு மேலே ஏற மாட்டேன் என்கிறது! மரக்கட்டை மாதிரி அப்படியே நிற்கிறது.

என் மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து அந்தப் பெரிய வீட்டையே ஆள்கிறவர்கள். "ஏ, அந்தத் தூக்குச்சட்டிய எடு... பரண்ல அண்டா இருக்கு, எறக்கு... ஏண்டி நிக்கிற, என் தலையை வாரி விடு." எதையும் தன் கையால் எடுத்து நான் பார்த்ததில்லை. கை நீட்டினால் நாலு பேர் ஓட வேண்டும். ராணி என்றால் ராணி.

ராணி தீர்ப்புச் சொன்னார்கள்.

"கை ஏறாதவ எப்படிடி பானையத் தூக்குவ, வடிப்ப? தையில வேறு வைக்கிறதுக்கில்ல. அடுத்த வருஷம் பாக்கலாம்."

அடுத்த வருஷமா! தை முடிந்ததும் அவர் கப்பல் ஏறிவிடுவார். திரும்ப எப்போது வருவாரோ? அதுவரைக்கும் நான் அடுத்தவர் அடுப்பில் காத்திருந்து சாப்பிடுகிறவள்தான். அழுதேன். வேறென்ன தெரியும்?

மனசு கேட்காமல் மாமியாரே என்னைப் பஸ்ஸில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஒரு லேடி டாக்டர். ஊசி போடவில்லை. மாத்திரை தரவில்லை. சுவரைக் காட்டினார்.

"தினமும் விரலால செவத்துல ஏறணும். எதுவரைக்கும் எட்டுதோ அங்க கரியால ஒரு கோடு போடுங்க. அப்பப்ப வந்து காட்டுங்க. இந்த மாதிரி கைக்கு ஓய்வு நல்லதா, அசைக்கிறது நல்லதான்னு நாங்களும் பாத்து எழுதிக்கிட்டு வாரோம்."

பிறகு மாமியார் பக்கம் திரும்பி, "ஒங்களுக்கு ஏதும் தொந்தரவு இருக்காம்மா?" என்றார்.

"எனக்கென்ன? கல்லுக் கணக்கா இருக்கேன்."

பஸ்ஸில் ஏறியதும் ஆரம்பித்தார்கள் பாருங்கள். "இம்புட்டுத் தூரம் வந்தா ஒரு தைலம் உண்டா, ஒரு பொட்டணம் உண்டா? செவத்தைத் தடவணுமாம்ல! கரிக்கோடு வேற! நம்ம வீட்டுச் செவத்துல?"

கோபத்திலும் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்துச் சுவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுண்ணாம்பு அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கி வைத்திருப்பார்கள். முகம் தெரியும். எண்ணெய்த் தலையோடு அதில் சாய்ந்துவிட்டால் அன்றைக்கு முழுக்க ஏச்சுத்தான். பிள்ளைகள்கூடச் சுவரைத் தொடாமல் நடக்கப் பழகியிருக்கும். அதில் மருமகள் கரிக்கோடு போடுவதா?

மாட்டுக் கொட்டகைச் சுவரில் ஏறிப் பார்த்தேன். மண் சுவர், உதிர்ந்து கண்ணில் விழுந்தது. முற்றத்துத் தூணில் ஏறலாம் என்றால், ஆண்கள் போய்வருகிற இடம். அங்கே நின்று கையைத் தூக்க என்னால் ஆகுமா?

கடைசியில் என் அறைக் கதவுக்குப் பின்னால் இடம் பிடித்தேன். கதவைத் திறந்து வைத்தால் சுவர் மறைந்துவிடும். மத்தியானம் எல்லோரும் கண் அசருகிற நேரம் முந்தானையைக் கடித்துக்கொண்டு ஏற்றுவேன். வலியா? போன வாரம் அந்தப் பெண் சொன்ன பத்து போதாது. ஆனால் ஒரு கோட்டுக்கு மேலே இன்னொரு கோடு போடுகிறபோது வருகிற சந்தோஷம் இருக்கிறதே...

ஒருநாள் பார்த்தால், என் கோடுகளுக்குக் கீழே புதிதாக ஒரு கோடு.

நான் போட்டதில்லை. கை தானாக இறங்குகிறதா? காத்துக் கருப்பு ஏதுமா? அடுத்த நாள் அதற்கு ஒரு விரற்கடை மேலே இன்னொன்று. பயந்துபோய் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அப்புறம் ஒரு சாயங்காலம் குளிக்கக் கிளம்பியவள், சீயக்காயை மறந்துவிட்டுத் திரும்பினேன். என் அறைக்குள் யாரோ முனகுகிற சத்தம். கதவிடுக்கில் பார்த்தால்... மாமியார்!

வலது கை விரல்கள் சுவரில். இடது கையில் கரித்துண்டு. நெற்றியெல்லாம் வியர்வை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றுகிறார்கள். கை மார்பைத் தாண்டவில்லை.

என்னைப் பார்த்ததும் வெடுக்கென்று கையை இழுத்தார்கள். "பூச்சு பேந்திருக்கான்னு பாத்தேன்."

நான் கரித்துண்டைத்தான் பார்த்தேன்.

அவர்களே கட்டிலில் உட்கார்ந்தார்கள். "கோட்டைப் பாத்ததும் ஒன்னை ஏசணும்னுதான் வந்தேன். எட்டுதான்னு சும்மா கைய வச்சுப் பாத்தேன்... எட்டலடி."

"எம்புட்டு நாளா அயித்தை?"

"கடைக்குட்டி பெறந்ததுல இருந்து. ஒங்க மாமாவுக்கே தெரியாது. வலிக்குதுன்னு சொன்னா வீடு ஆளுக்கொரு பக்கமாப் போயிரும்ல? அதான், எட்டாததையெல்லாம் எடு எடுன்னு அதட்டிக்கிட்டே காலத்தை ஓட்டிட்டேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எத்தனை மருமக்கள், எத்தனை வேலைக்காரர்கள் அந்த அதட்டலுக்கு நடுங்கியிருக்கிறோம்! அவ்வளவும் ஒரு தோள்பட்டையா?

"டாக்டர் அம்மா கேட்டாகளே, அப்பவே சொல்லியிருக்கலாம்ல அயித்தை?"

"மருமகளப் பக்கத்துல வச்சுக்கிட்டா?"

அப்புறம் தினமும் இரண்டு பேருமாகக் கதவுக்குப் பின்னால் நின்றோம். அதட்டல் குறையவில்லை. "இன்னும் ஏத்துடி, செவத்துக்கு வலிக்காது" என்பார்கள். நானும் துணிந்து, "நீங்களுந்தான் ஏத்துங்க" என்பேன். கதவுக்கு முன்னால் வந்துவிட்டால் பழையபடி மாமியார், மருமகள்.

தை பிறந்தபோது என் கை காது வரைக்கும் வந்திருந்தது. உச்சிக்கு எட்டவில்லை. அவ்வளவுதான், அடுத்த வருஷம்தான் என்று முடிவு பண்ணி அடுப்படிப் பக்கமே போகாமல் இருந்தேன். மாமியார் கூடத்தில், எல்லோரும் இருக்கும்போது சொன்னார்கள்.

"வர்ற வெள்ளிக்கெழமை இவளுக்கு வேறு வச்சிருவோம்."

"கை முழுசா ஏறலையேத்தா?" என்றார் மலாயாவிலிருந்து வந்திருந்த என் கணவர்.

"ஏறாட்டி என்ன? ஏறாத கையோட எம்புட்டுப் பெரிய வீட்டையெல்லாம் ஆண்டுருக்காக. ஒத்தை அடுப்ப இவ மேய்க்க மாட்டாளா?"

யார் ஆண்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கதவுக்குப் பின்னாலிருந்த கோடுகளை ஒருநாள் அவர் பார்த்துவிட்டார். "நான் இல்லாத நாளை எண்ணியா இப்படிக் கோடு போட்டு வச்சிருக்க?" என்று அப்படியே உருகிப்போனார். இல்லை என்று சொல்ல எனக்குக் கூச்சம். கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

லேடி டாக்டரிடம் என் கையை மட்டும்தான் காட்டினோம். "பரவாயில்லையே" என்று எழுதிக்கொண்டார். பக்கத்தில் கல்லுப் போல நின்றிருந்த இன்னொரு கையின் கணக்கு அவருக்குக் கிடைக்கவேயில்லை.

அதன்பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாராவது அதட்டிப் பேசினால் பயம் வருவதில்லை. 'தோள் எப்படி இருக்கு?' என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

கேட்டதில்லை... என் கூச்சம் என்னோடு!