கல்லில் நேராக நின்ற பெயர்

இட்டுக்கட்டியது என்று தோன்றினால் இப்போதே மூடி வைத்துவிடுங்கள். இது 1967 பங்குனியில், சிவகாசியில், பட்டப்பகலில் நடந்தது.

ஜெயச்சந்திரன் மதராஸில் பன்னிரண்டு வருடம் சினிமாப் பாட்டுகளுக்குக் கிதார் வாசித்தவன். எந்த இசைத்தட்டிலும் அவன் பெயர் வந்ததில்லை. ஜாஸையும் தவிலையும் கலந்து அவன் சொந்தமாகப் போட்ட முதல் தட்டு இது. மாசி பத்தாம் தேதி பதிவு. தவில் வாசித்தவர் மல்லாங்கிணறு சங்கையா. வாசித்து முடித்ததும் ஒன்றுதான் கேட்டார்.

"அட்டையில என் பேரும் வருமா தம்பி?"

"வரும்ணே."

ஆனால் அச்சுக்கு அவன் எழுதிக் கொடுத்தது ஒரே பெயர். தன் பெயர். பன்னிரண்டு வருடப் பசி. பங்கு வைக்க மனம் வரவில்லை.

அட்டை பலவேசத்தின் அச்சகத்தில் தயாரானது. கல் அச்சு வேடிக்கையானது. வழவழப்பான கல்லில், கண்ணாடியில் தெரிவதுபோல் எழுத்தைத் திருப்பி, கொழுப்பு மையால் எழுதுவார்கள். கல்லை நனைத்து மை உருட்டினால் எழுத்தில் மட்டும் ஒட்டும். தாளில் நேராக விழும். வேலை முடிந்ததும் மணலும் தண்ணீரும் போட்டு அரைத்து அழிப்பார்கள். அரைப்பு குறைந்தால் பழைய அச்சு எட்டிப் பார்க்கும்.

பகல் 2.10. ஜெயச்சந்திரன் பக்கத்தில் நிற்க, முதல் தாள். அவன் பெயருக்குக் கீழே மங்கலாக ஒரு வரி...

"பழைய வெடி லேபிளா இருக்கும்லே. லச்சுமி வெடி உனக்கு வாழ்த்துச் சொல்லுது!" பலவேசம் சிரித்துக்கொண்டே அந்த இடத்தைத் தேய்த்தார்.

2.40. இரண்டாம் தாள். இப்போது தெளிவாக இருந்தது.

தவில்: சங்கையா.

"யாருலே இங்கன எழுதுனது?"

"தெரியல அண்ணாச்சி" என்றான் ஜெயச்சந்திரன்.

குனிந்து கல்லைப் பார்த்தார்கள். ஜெயச்சந்திரன் பெயர் திரும்பி இருந்தது. கீழ்வரி நேராக இருந்தது.

கல்லில் நேராக இருந்தால் தாளில் திரும்பித்தான் விழ வேண்டும்.

தாளிலும் நேராக இருந்தது.

3.05. இயந்திரத்தை நிறுத்தினார்கள்.

ஈரக் கல்லுக்குள்ளிருந்து...

தொம்.

தொம்... தொம்...

"அந்தப் பேரு இருக்கட்டும்லே" என்றார் பலவேசம்.

ஜெயச்சந்திரன் தலையாட்டினான். சத்தம் நின்றது.

மறுநாள் அட்டையோடு மல்லாங்கிணறு போனான். சங்கையாவின் மனைவி இருளம்மாள் அந்த வரியைத் தடவிப் பார்த்தாள்.

"நீங்களாவது அவுக பேரப் போட்டீகளே, நல்லாருங்க."

அவன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். "அண்ணன் எங்க?"

"தை மூணாந்தேதியே போயிட்டாக தம்பி. பதினாறும் முடிஞ்ச பிறகுதான், பதிவுக்கு வரச்சொல்லி உங்க தந்தி வந்துச்சு. தந்திக்காரர் படிச்சுச் சொன்னாக. அத விளக்கு முன்னால வச்சேன்."

அவன் விளக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"மாசி ஒம்போது விடியக்காலம் பாத்தா தந்தியக் காணோம். மூலையில கெடந்த தவிலையும் காணோம்."