மிச்சத் தாளில் முப்பத்தொரு கையெழுத்து

எங்கள் கட்சி அலுவலகத்தின் சாவிகளை இருபத்தாறு வருடம் வைத்திருந்தவரை எல்லோரும் சாவிக்காரர் என்றுதான் கூப்பிட்டோம். நான் கட்சிக் கூட்டங்களுக்கு மைக்செட் போடுகிறவன். என் ஒலிபெருக்கிகள் கிடந்த கிடங்கும் அவர் குடியிருந்த அறையும் அலுவலகக் கீழ்த்தளத்தில் அடுத்தடுத்து இருந்தன. அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டியிருக்கிறது. எழுதத் தெரிந்தவர்கள் எல்லாம் இப்போது ஏதாவது ஒரு அணியில் இருக்கிறார்கள்.

ஒல்லியான ஆள். பேச்சு குறைவு. தலைவர் வீட்டிலிருந்து யார் வந்து எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுவார். ஏன், எதற்கு என்பது தன் வேலையில்லை என்று நினைத்திருந்தார். அண்ணி, அதாவது அவர் மனைவி, அந்த அறை ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்தார். சம்பளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. வாடகையில்லாத அந்த அறைதான் சம்பளம்.

எங்கள் செயற்குழுவில் ஒரு பழக்கம் உண்டு. முதலில் கையெழுத்து, பிறகுதான் தீர்மானம். தலைவர் பேசி முடித்ததும் ஒருவரும் உட்கார மாட்டார்கள் என்பதால், உள்ளே வரும்போதே வெற்றுத்தாளில் வாங்கிவிடுவார் சாவிக்காரர். மேலே பாதித் தாள் காலியாக இருக்கும். தீர்மானத்தை மறுநாள் அங்கே அடித்துக்கொள்வார்கள். அடிக்கும்போது பிழை வந்தால் என்ன செய்வது என்று இன்னொரு தாளிலும் வாங்கி வைப்பார். அந்த மிச்சத் தாள்கள் வருடக்கணக்காகப் பீரோவில் தூங்கின. கிழித்துப் போடு என்று யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

தலைவர் இருதய அறுவை முடிந்து மூன்று மாதம் படுத்திருந்தார். அவர் எழுந்து உட்கார்ந்த வாரம், செயலாளர்தான் இனிமேல் தலைவர் என்று ஒரு தீர்மானம் பத்திரிகையில் வந்தது. நாற்பத்தெட்டு உறுப்பினர்களில் முப்பத்தொரு பேர் கையெழுத்து. அதில் பாதிப்பேர் தாங்கள் போடவே இல்லை என்று குதித்தார்கள். கையெழுத்து என்னவோ அவர்களுடையதுதான், ஏதோ பழைய கூட்டத்தில் மிச்சத் தாளில் போட்டது.

அன்றிலிருந்து அலுவலகத்தில் யாரும் யாருக்கும் முதுகைக் காட்டி உட்காரவில்லை. இரண்டு கோஷ்டியும் தனித்தனி ஃபிளாஸ்கில் டீ கொண்டுவந்தார்கள். சாவிக்காரர் உள்ளே போனால் பேச்சு நிற்கும், வெளியே வந்தால் தொடரும். தலைவர் ஆட்கள் அவர் விலைபோய்விட்டார் என்றார்கள். செயலாளர் ஆட்கள் அவரை உளவாளி என்றார்கள். நானும் யோக்கியனில்லை. அந்த வாரம் அவர் காலில் புதுச் செருப்பைப் பார்த்ததும் பேரம் படிந்துவிட்டது என்று மனதில் தீர்ப்பு எழுதிவிட்டேன். செருப்பு அண்ணி வாங்கிக் கொடுத்தது என்று பிறகுதான் தெரிந்தது.

மனசு கேட்காமல் ஒருநாள் கிடங்கில் வைத்து நேராகவே கேட்டேன்.

"அண்ணே, தாளைக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன். மாப்பிள்ளைக்கு."

மாப்பிள்ளை என்றால் தலைவரின் ஒரே மகளைக் கட்டியவர். தலைவர் ஆஸ்பத்திரியிலிருந்து கேட்கிறார் என்று வந்து நின்றாராம். இவர் கட்டோடு எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

தாள் போன வழியைத் தலைவரே விசாரிப்பதாக நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் நான் சாவிக்காரர் அறையில் இருந்தபோது மாப்பிள்ளை அங்கேயே வந்தார். பீரோவை உடைத்து யாரோ திருடிவிட்டதாகச் சொன்னால் போதும், யார் மேலும் பழி வராது, அறையும் கடைசிவரை உங்களுக்கே என்றார். அவர் போனபின் மாடிக்குப் போய்ப் பார்த்தோம். பீரோப் பூட்டு ஏற்கெனவே நெளிந்திருந்தது. வேலையைச் சுத்தமாகச் செய்கிற பிள்ளை.

சாவிக்காரர் கீழே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அண்ணிதான் மெஷினை நிறுத்திவிட்டுப் பேசினார். "திருடு போச்சுன்னா, காவலுக்கு இருந்தது யாருன்னு கேக்க மாட்டாங்களா? நீங்களே எடுத்து வித்தீங்கன்னு ஊர் பூரா சொல்லும். அந்தப் பேரோட இந்த ரூம்ல எப்படி இருக்கிறது? நடந்ததைச் சொல்லிடுங்க. இந்த மெஷினுக்கு எந்த ஜன்னலா இருந்தா என்ன."

மறுநாள் விசாரணைக் கூட்டத்தில் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார் தலைவர். மைக்கைச் சரிசெய்கிற சாக்கில் நானும் ஓரமாக நின்றேன். தாளை யாரிடம் கொடுத்தாய் என்று தலைவர் கேட்டார்.

"உங்க வீட்டுக்குத்தான் குடுத்தேன், தலைவரே. மாப்பிள்ளை கையில."

பயத்தில் உளறுகிறார் என்று மாப்பிள்ளை சிரித்தார். கூட சேர்ந்து யாரும் சிரிக்கவில்லை. தலைவர் மருமகன் பக்கம் திரும்பவே இல்லை. சாவிக்காரரிடம், சாவியை மேசையில் வைத்துவிட்டு இரண்டு வாரத்தில் அறையைக் காலி செய்யும்படி சொன்னார்.

எனக்கு அங்கேதான் உறைத்தது. வீட்டுக்குள்ளேயே குழி பறித்திருக்கிறார்கள் என்று புதிதாகக் கேட்கிறவன் மருமகனிடம் ஒரு கேள்வியாவது கேட்பான். தலைவர் கேட்கவில்லை. அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

பத்து நாளில் சமரசம் வந்தது. தலைவர் கௌரவத் தலைவரானார். செயலாளர் தலைவரானார். செயலாளர் நாற்காலியில் யார் உட்கார்ந்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லாக் குழப்பத்துக்கும் ஓர் ஊழியரின் கவனக்குறைவுதான் காரணம் என்று அறிக்கை விட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கும் நான்தான் மைக் போட்டேன். வயிறு ஒன்று இருக்கிறதே.

காலி செய்த அன்று நானும் சாவிக்காரரும் தையல் மெஷினை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினோம். தலைவரின் கார் வந்து நின்றது. கண்ணாடி பாதிதான் இறங்கியது.

"என்கிட்ட தனியா வந்து சொல்லியிருக்கலாமேய்யா," என்றார் தலைவர்.

"தனியா சொல்லியிருந்தா, சொல்லவே இல்லைன்னு ஆக்கியிருப்பீங்க," என்றார் சாவிக்காரர். இருபத்தாறு வருடத்தில் அவர் தலைவரே என்று சேர்க்காமல் தலைவருக்குச் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

கண்ணாடி ஏறியது. கார் நகரும் வரை நான் மெஷினைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் துணி மூட்டையோடு வந்த அண்ணி, காரை வேடிக்கை பார்த்தது போதும், காலில் போட்டுக்கொள்ளாமல் தூக்குங்கள் என்று எங்கள் இரண்டு பேரையும் அதட்டினார்.