பேனரில் இருந்த என் பெண்

எங்கள் தெருவில் என்னை எடக்குப் பிடித்தவள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பெண் வயதுக்கு வந்ததை முச்சந்தியில் ஃப்ளெக்ஸ் பேனர் கட்டி அறிவிப்பது பண்பாடு என்றார்கள். வெட்கங்கெட்ட வேலை என்றேன். மேடைக்கு மேடை தமிழ் தமிழ் என்று முழங்குகிறவர்களிடம், உங்கள் பிள்ளைகள் எந்த மீடியத்தில் படிக்கிறார்கள் என்று கேட்டேன். ஆரணியில் பட்டுச் சேலைக்குக் குஞ்சம் கட்டுகிறவளுக்கு எதற்கு இந்த வாய் என்று வீட்டுக்காரரே அலுத்துக்கொள்வார். அவர் விசைத்தறி ஓட்டுகிறார். அந்தச் சத்தத்தில் நான் பேசுவது பாதி காதில் விழாது. அது அவருக்கு வசதி.

எங்கள் ஒரே பெண் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினாள். மறுநாளே தெருமுனையில் பேனர் நின்றது. 'வருங்கால மருத்துவரே, வாழ்க!' அவளுடைய ஸ்கூல் போட்டோவிலிருந்து தலையை மட்டும் வெட்டி, யாரோ ஒரு டாக்டரின் வெள்ளைக் கோட்டின்மேல் ஒட்டியிருந்தார் ஃப்ளெக்ஸ் கடைக்காரர். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் வேறு. கீழே, கவுன்சிலருக்கு நிற்க ஆசைப்பட்ட எங்கள் தெருக்காரர் என் பெண்ணைவிடப் பெரிதாகக் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். டாக்டராக வேண்டும் என்று அவள் எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டுக்காரர் பேனருக்குக் கீழே நின்று செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார். மளிகைக் கடைக்காரர் அவளிடம் முட்டி வலிக்கு மாத்திரை கேட்டார்.

நீட் பரீட்சை எழுதியும் அவளுக்கு மெடிக்கல் சீட் கிடைக்கவில்லை. வேறு ஏதாவது படிக்கட்டும் என்றேன்.

"அந்த பேனர பார்த்த ஜனத்துக்கு இன்னா பதில் சொல்றது?" என்றார் வீட்டுக்காரர். திருவண்ணாமலைக்கு அந்தப் பக்கம், தங்கிப் படிக்கும் ஒரு கோச்சிங் சென்டரில் கொண்டுபோய் விட்டார்.

டீவியில் ஒரு கட்சி அந்தப் பரீட்சை வேண்டும் என்றது, இன்னொரு கட்சி வேண்டாம் என்றது. பரீட்சை இருந்தால் என்ன, ஒழிந்தால் என்ன? வீட்டில் ஒரு டாக்டர் இருந்தால்தான் மரியாதை என்கிற பைத்தியத்தை எந்தக் கட்சி ஒழிக்கும்? இப்படிப் பேசினால், ஊருக்கு டாக்டர் வேண்டாமா என்று மடக்குவார்கள். ஊருக்கு வேண்டும்தான். எனக்கு என் பெண் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அங்கே போன் பேச விடுவார்கள். அப்படி ஒரு ஞாயிறு, "அம்மா, சோறு எறங்க மாட்டேங்குது. புக்க தொறந்தா எழுத்தெல்லாம் ஓடுது. செத்துடலாம் போல கீதுமா" என்றாள்.

"நீ ஒன்னும் படிக்க வேணாம்டி. வூட்டுக்கு வந்துடு."

அவள் கேட்டாள்: "பேனர் இன்னும் கீதா?"

இருந்தது. உள்ளாட்சித் தேர்தல் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று, வெயிலில் வெளுக்க வெளுக்கப் புதிதாக அடித்துக் கட்டிக்கொண்டிருந்தார் அந்த மனிதர்.

"அத பார்த்துகினு நான் எப்டிமா தெருவுக்குள்ள வருவேன்?" என்று அழுதாள்.

நேராகப் பேனர் கட்டியவர் வீட்டுக்குப் போனேன். "அண்ணா, கால்ல வேணா விழறேன். அத கழட்டிடுங்க."

"இன்னாமா நீ, பெத்தவளே இப்டி பேசிகினு! எலக்‌ஷன் முடியட்டும். பாப்பா பாஸ் பண்ணட்டும், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கட்டிடறேன், பாரு."

வீட்டுக்கு வந்து கத்தினேன். "கொஞ்ச நாள் பல்ல கடிச்சிகினு இருக்க சொல்லு" என்றார் வீட்டுக்காரர், தறியை நிறுத்தாமல். என்ன ஜென்மமோ!

மறுநாள் காலை, குஞ்சம் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு ஏணியைச் சாத்தி, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினேன். "பேஜாரா பூடும், எறங்குமா!" என்று கீழே கூச்சல். கயிறுகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். என்ன இருந்தாலும் என் பெண்ணின் முகம் இல்லையா? மண்ணில் விழக்கூடாது என்று ஒரு கையால் பிடிக்கப் பார்த்தேன். பிடிபடவில்லை, குப்புற விழுந்தது.

வீட்டுக்காரர் ஓடி வந்தார். "மானத்த வாங்கிட்டியேடி!"

"உன் மானத்த நீயே வச்சிக்க. நான் புள்ளைய இட்டார போறேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

ஹாஸ்டல் வாசலில் எலும்பும் தோலுமாக வந்து நின்றாள். பேனரை வெட்டிப் போட்டதைச் சொன்னதும் என்னைக் கட்டிக்கொண்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கினாள். பிழைத்துக்கொண்டாள் என்று நான் நினைத்தேன்.

போளூர் தாண்டியதும் போன் அடித்தது, வீட்டுக்காரர்தான். "எங்க வந்துகினு கீறீங்க? கொழந்த சாப்ட்டாளா?" என்று கேட்டார். அப்பன் இல்லையா, மனசு கேட்குமா என்று நினைத்தேன்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "இருட்டுனப்புறம் இட்டுகினு வா. ஜனம் தெருவுல நின்னுகினு கீது" என்றார்.

போனை வைத்துவிட்டுப் பார்த்தால், அவள் கண் விழித்திருந்தாள். அவர் சொன்னது அவளுக்கும் கேட்டிருக்கிறது. துப்பட்டாவை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். களம்பூர் வந்ததும் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். "இதோ இருக்குது ஆரணி, வாடி!" என்று கத்திக்கொண்டே நானும் பின்னால் இறங்கினேன்.

நல்ல வெயில், இருட்ட இன்னும் வெகுநேரம் இருந்தது. அரிசி மில் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். ஆரணி பஸ் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் எழுந்தேன். ஒவ்வொரு முறையும் அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.