பூசைத் தீர்ப்பு

“அந்தப் பெடியனுக்குப் பூசையாம், பிள்ளை.”

கதவைத் திறந்ததும் அற்புதமலர் அன்ரி சொன்னது இதுதான். வலது கையில் கட்டு. இடது கையால் பூட்டைத் திறக்க அவருக்கு இன்னும் பழகவில்லை. நான் படியில் கொஞ்ச நேரம் காத்து நின்றிருந்தேன். இத்தாலியரோடு பேச வேண்டியது ஏதும் வந்தால் அவர் என்னைத்தான் கூப்பிடுவார்.

“எந்தப் பெடியனுக்கு, அன்ரி?”

“என்ரை பையை இழுத்தவனுக்குத்தான். கோட்டிலை அதுதான் குடுக்கப்போகினமாம். சமூக சேவைக் கந்தோரிலையிருந்து ஒரு சிஞ்ஞோரா ரெலிபோன் எடுத்தவ. திருப்பித் திருப்பிக் கேட்டனான். மெஸ்ஸா, மெஸ்ஸா எண்டுதான் சொல்லுறா.”

இத்தாலிய மொழியில் மெஸ்ஸா என்றால் திருப்பலி. பலெர்மோவுக்கு வந்து சேரும் எங்கள் ஆட்கள் வேலைக்கான சொற்களுக்கும் முன்னால் கற்றுக்கொள்ளும் சொல் அது.

“அது பூசையா இருக்காது, அன்ரி.”

“ஏன் இருக்காது? நான் கை முறிஞ்சு வீட்டிலை இருக்கிறன். அவன் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாச் சரியாம். நாங்கள் ஒருத்தற்றை பையையும் இழுக்காமலே கிழமைக்குக் கிழமை போறம்.”

குசினிக்குள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அவருடைய கணவர் ஆனந்தராசா அங்கிருந்தபடியே கேட்டார்: “பாட்டுப் பூசையோ, சும்மா பூசையோ?”

“நீங்கள் பேசாமல் இருங்கோ. பிள்ளை, எங்கடை கோயிலுக்கோ அனுப்புவினம்? பக்கத்து வாங்கிலை வந்து நிண்டா நான் சமாதானம் சொல்லிக் கை குடுக்க வேணுமோ?”

“எந்தக் கையைக் குடுக்கப்போறாய்?” என்றார் கணவர்.

நான் அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்தேன். மெஸ்ஸா அல்லா ப்ரோவா என்பதுதான் முழுப் பெயர். அங்கே மெஸ்ஸா என்பதற்குப் பூசையோடு எந்தத் தொடர்பும் இல்லை. வைத்தல் என்று பொருள். ஒருவனைச் சோதனையில் வைத்துப் பார்ப்பது. அதை அன்ரிக்குச் சொன்னேன்.

“வழக்கை நிப்பாட்டி வைப்பினம். அந்த நேரத்திலை அவன் படிக்க வேணும், எங்கையாவது சம்பளமில்லாமல் வேலை செய்ய வேணும், அவையள் சொல்லுறபடி நடக்க வேணும். ஒழுங்கா நடந்தா வழக்கு இல்லாமல் போகும். நடக்காட்டித் திரும்ப வழக்கு, பிறகு சிறை மறியல்.”

“வழக்கே இல்லாமல் போகுமோ?”

“ஓம், அன்ரி.”

அவர் கட்டுப்போட்ட கையை ஒரு பொதியைத் தூக்குவதுபோல் தூக்கி மேசையில் வைத்தார்.

“அப்ப பூசையே பரவாயில்லை.”

அற்புதமலர் மன்னார்க் கடற்கரைக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். ஐம்பது தாண்டிவிட்டது. பலெர்மோவுக்கு வந்த நாளிலிருந்து மாடிக் கட்டடங்களின் படிகளைக் கழுவுகிறார். வியா மக்வேதா என்ற பெரிய வீதியை ஒட்டிய சந்துகளில் சில பழைய கட்டடங்கள், நகரின் ஓரத்துப் பிரான்காச்சோவில் ஒரு தொடர்மாடி. மேல் தட்டிலிருந்து கீழே இறங்கி வர வேண்டும், எப்போதும் பின்பக்கமாக. அதனால் வீதியில் நடக்கும்போதும் அடிக்கடி நின்று பின்னால் பார்க்கிற பழக்கம் அவருக்கு உண்டு. பை பறிபோன அன்று பிரான்காச்சோ பஸ் தரிப்பில் மட்டும் பார்க்கவில்லை. களைப்பு என்று சொன்னார்.

மோட்டார் சைக்கிளில் இருவர் வந்தார்கள். ஓட்டியவனுக்கு இருபது வயது. பின்னால் இருந்தவனுக்குப் பதினேழு. பையை இழுத்தவன் பின்னால் இருந்தவன். பையின் வார் கையோடு சுற்றியிருந்தபடியால் பையோடு அன்ரியும் இழுபட்டுப் போனார். மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். பைக்குள் இருந்தவை ஒரு தொலைபேசி, ஒரு மேற்சட்டை, அவர் கழுவும் கட்டடங்களின் வாசல் சாவிகள். சாவிகள் போனதால் எல்லா வாசல்களிலும் பூட்டு மாற்ற வேண்டி வந்தது. இரண்டு கட்டடக்காரர் புதுப் பூட்டோடு புது ஆளையும் எடுத்துவிட்டார்கள். மிச்சப் படிகளை ஆனந்தராசா, தான் வேலை செய்யும் உணவகத்துக்குப் போகும் முன் விடியற்காலையில் கழுவினார்.

ஒரு டயர்க்கடையின் கமரா அந்த இருவரையும் காட்டிக்கொடுத்தது. பதினேழு வயதுக்காரனின் பெயர் எனக்குத் தெரியும். அதை எழுதக் கூடாது என்பது சட்டம், எழுதவும் விருப்பமில்லை.

அடுத்த ஞாயிறு கோயில் முற்றத்தில் பூசைக் கதை எங்களுக்கு முன்னே வந்து நின்றது. ஆனந்தராசா யாரிடமோ சொல்லியிருக்கிறார். தமிழ்த் திருப்பலி முடிந்து எல்லோரும் வெளியே நின்று தேநீர் குடிக்கும்போது, பாடகர் குழுவை நடத்தும் விக்னராஜா அண்ணை சுற்றிலும் தேடுவதுபோல் பார்த்தார்.

“எங்கை பெடியன்? இண்டைக்குப் பூசைக்கு வரேல்லையே. தீர்ப்பை மீறிப்போட்டான்.”

எல்லோரும் சிரித்தார்கள். அன்ரியும் சிரித்தார். நான் மெதுவாகச் சரியான விளக்கத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்று, கோபம் வந்தது.

“ஓட்டினவன் பெரிய மறியலிலை. இழுத்தவன் வீட்டிலை அம்மா காய்ச்சின பாஸ்ரா சாப்பிடுறான். ரெண்டு பேரும் ஒரே சைக்கிளிலைதானே வந்தவங்கள்?” என்றார் விக்னராஜா.

“இவனுக்குப் பதினேழு வயசு, அண்ணை.”

“பதினேழு வயசிலை நான் மூண்டு தங்கச்சிமாருக்கு உழைச்சுப் போட்டனான், தங்கச்சி. அந்த வயசிலை ஒருத்தனுக்கு எது பிழை எண்டு தெரியாதோ?”

ஆனந்தராசா கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டு, “அவனுக்கு வயசு பாக்கினம். இவளின்ரை வயசை ஒருத்தரும் பாக்கேல்லை,” என்றார். அன்ரி, “வாங்கோ, பஸ் போயிடும்,” என்று நடக்கத் தொடங்கினார்.

சமூக சேவை அலுவலகப் பெண் அன்ரியைக் கூப்பிட்டது வேறொன்றுக்காக. அந்தப் பையன் அவரைச் சந்திக்க வேண்டும், நேரில் பேச வேண்டும் என்பது அவர்கள் போட்ட திட்டத்தில் ஒரு பகுதி. அன்ரி விரும்பினால் மட்டும். நாங்கள் இருவரும் அந்த அலுவலகத்துக்குப் போனோம். தான் வராவிட்டால் அவனுக்கு என்ன நடக்கும் என்று அன்ரி கேட்கச் சொன்னார், கேட்டேன். அந்தப் பெண் ஒன்றையும் மறைக்கவில்லை. முடிவு நீதிபதியுடையது, ஆனால் பையனுக்கு முன்பும் ஒரு வழக்கு இருந்தது, அரச தரப்பு இதை எதிர்க்கிறது, சந்திப்பு நடந்ததா என்பதையும் நீதிபதி பார்ப்பார் என்றார். சோதனைக்கு விடாவிட்டால் தண்டனைதான். முதலில் சிறுவர் சிறை. பதினெட்டு தாண்டிய பிறகு அங்கே ஏதும் குழப்பம் செய்தால் பெரியவர்களின் சிறைக்கு மாற்றிவிடலாம். சில வருடங்களாக அது முன்பைவிடச் சுலபம்.

“பெரிய மறியலிலை ஆரோடை போடுவினம் எண்டு கேள்.”

கேட்டேன். இடம் இருக்கிற அறையில் போடுவார்கள் என்று பதில் வந்தது.

திரும்பும்போது வியா மக்வேதாவில் உல்லாசப் பயணிகள் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். அன்ரி கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர்க்கரையாக நடந்தார். யாரோ இடித்தார்கள். ஒரு கடை வாசலில் நின்று மூச்சு வாங்கினார். அங்கே நின்றுதான் தம்பியைப் பற்றிச் சொன்னார். அதற்கு முன் அவருக்கு ஒரு தம்பி இருப்பதே எனக்குத் தெரியாது.

“ஸ்ரீபன். பதினேழு வயசிலை ஒரு படகு எஞ்சின் களவெடுத்தவன். அவன் எங்கை எடுத்தது? கூடப் போன ரெண்டு பேர் கழட்டினவங்கள், இவன் லைற் பிடிச்சவன். எங்கடை நாட்டிலை அந்த வயசுக்குப் பெரிய மறியல்தான். அப்பா சொன்னவர், நல்லது, உள்ளை கிடந்து படிக்கட்டும் எண்டு.”

“படிச்சவரோ?”

“படிச்சான். போகேக்கை அவனுக்கு எஞ்சின் கழட்டவே தெரியாது. வரேக்கை எல்லாம் தெரியும். பிறகு அம்மா அறையைப் பூட்டிப்போட்டுத்தான் படுக்கிறவ.”

கடைக்குள் போகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று அவர் தொடர்ந்தார்.

“அவன் மறியலுக்குப் போகாட்டி நல்லா வந்திருப்பான் எண்டும் நான் சொல்ல மாட்டன். ஆருக்குத் தெரியும்? இவன் வீட்டிலை இருந்தே கெட்டுப்போகலாம். எனக்கு இதுகளை யோசிக்கக் களைப்பா இருக்கு, பிள்ளை. என்ரை கையை உடைச்சுப்போட்டு என்னையே யோசிக்கவும் சொல்லுகினம்.”

போவதா வேண்டாமா என்று வாரக்கணக்கில் அவர் எதுவும் சொல்லவில்லை. கட்டு அவிழ்த்த பிறகு வேலைக்குப் போய்ப் பார்த்தார். வாளியைத் தூக்க முடிந்தது. துணியைப் பிழிய முடியவில்லை. ஒரு காலால் துணியின் நுனியை மிதித்துக்கொண்டு இடது கையால் முறுக்கினார். படியெல்லாம் ஈரமாகவே கிடந்தது. மூன்றாம் தட்டில் இருக்கும் கிழவர் வழுக்கி விழப்போய், நிர்வாகிக்கு முறைப்பாடு செய்தார். அன்று மாலை அன்ரி என்னைக் கூப்பிட்டு, “வாறன் எண்டு சொல்லு,” என்றார். ஆனந்தராசா அன்றிரவு மனைவியோடு பேசவில்லை. காலையில் வழமைபோல் அவருக்காகப் படி கழுவப் போனார்.

சந்திப்பு ஒரு சின்ன அறையில் நடந்தது. வட்ட மேசை, தண்ணீர்ப் போத்தல், நடுவராக ஒரு வயதான மனிதர். பையன் புதுச் சட்டை போட்டு வந்திருந்தான். கழுத்துப் பட்டனையும் பூட்டியிருந்தான். மனப்பாடம் செய்ததை மேசைக்கு ஒப்புவித்தான்: வருந்துகிறேன், சிஞ்ஞோரா, பெரிய பிழை செய்துவிட்டேன். நான் தமிழில் சொன்னேன். அன்ரி அதற்குத் தலையாட்டவும் இல்லை.

“வார் கையிலை சுத்தியிருந்தது எண்டு சொல்லு. நான் பையை விட்டனான். வார்தான் விடேல்லை.”

சொன்னேன். பையன் முதல் தடவையாக நிமிர்ந்தான். இது அவன் படித்துக்கொண்டு வந்ததில் இல்லை.

“நீங்கள் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்தேன்,” என்றான். “அதனால்தான் இன்னும் இழுத்தேன்.”

அன்ரி அதை என்னிடம் இரண்டாம் முறையும் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு சொன்னார்: “துணி பிழிய ஏலாது எண்டு சொல்லு.”

பிழிவது என்பதற்கான இத்தாலியச் சொல் அந்த நேரத்தில் எனக்கு வாயில் வரவில்லை. கையால் காட்டினேன். பையனும் இரண்டு கைகளாலும், இப்படியா என்பதுபோல் காற்றில் முறுக்கினான். முறுக்கிய பிறகுதான் தன் கைகளைப் பார்த்தான்; மேசைக்குக் கீழே இறக்கிவிட்டான்.

மன்னிப்பைப் பற்றி ஏதும் சொல்ல விரும்புகிறீர்களா என்று நடுவர் மென்மையாகக் கேட்டார்.

“அதை என்னட்டைக் கேக்க வேண்டாம் எண்டு சொல்லு. இவனைப் பெரியாக்களோடை கொண்டுபோய்ப் போட வேண்டாம். அதை எழுதச் சொல்லு. வேறை ஒண்டும் நான் சொல்லேல்லை.”

நீதிபதி அவனைச் சோதனைக்கு விட்டார். பிரான்காச்சோவிலேயே ஒரு தச்சுப் பட்டறையில் பிற்பகல் வேலை, இரவில் வகுப்பு. கோயில் முற்றத்தில் அன்ரியைச் சிலர் புனிதை என்றார்கள், சிலர் விசரி என்றார்கள். இரண்டுக்கும் அவர், “பஸ் போயிடும்,” என்பார். இப்போது வுச்சீரியாச் சந்தைப் பகுதியில் ஒரு சிறிய தங்குமிடத்தில் படுக்கை விரிக்கிறார். பிழிகிற வேலை இல்லை, சம்பளம் குறைவு. மழை நாளில் தகடு வலிக்கிறது.

நீதிபதி சோதனைக்கு விட்டால், அந்தக் காலம் முடியும்போது பையன் தேறினானா என்று அறிவிக்க, அலுவலகத்தில் முன்பே என்னுடைய தொலைபேசி எண்ணைக் கொடுத்திருந்தோம். சந்திப்பு நடந்த அன்று, அந்தச் சின்ன அறையிலிருந்து வெளியே வந்து, இருவரும் பஸ்ஸுக்கு நின்றபோது அவர் அதைப் பற்றித்தான் பேசினார்.

“உனக்குத்தானே ரெலிபோன் எடுப்பினம்?”

“ஓம், அன்ரி. எடுத்தவுடனை வந்து சொல்லுறன்.”

“வேண்டாம். நல்லா வந்தானெண்டா, இவள் மன்னிச்சதாலை எண்டுவினம். திரும்பக் களவெடுத்தானெண்டா, இவள் விட்டதாலை எண்டுவினம், வீட்டிலை இவரும் சேர்ந்துதான். நான் கேட்டது அவனைப் பெரியாக்களோடை போட வேண்டாம் எண்டு மட்டும். அதுக்குப் பிறகு அவன் அவன்ரை பாடு. எது நடந்தாலும், பிள்ளை, நீ கேட்டு வைச்சுக்கொள். எனக்குச் சொல்லிப்போடாதை.”